காந்தம் ஒட்டாத கல்

டூசானில் பிப்ரவரி பாதிவரைக்கும்
மோட்டல் கதவுகளை யாரும் சாத்துவதில்லை.
பகலில் என் கட்டில்தான் கடை:
மெத்தைமேல் பிளைவுட், அதன்மேல் கறுப்புத் துணி,
துணிமேல் சிவாவா ஜியோடுகள், மொராக்கோ வனடினைட்,
முட்டை அட்டையில் பைரைட், எதை எடுத்தாலும் இரண்டு டாலர்.
கல்லாப்பெட்டி ஒரு பழைய பிஸ்கட் டப்பா.
இரவு பத்துக்கு எல்லாவற்றையும் குளியல்தொட்டியில் இறக்கிவிட்டு
அதே கட்டிலில் படுப்பேன்.
இருட்டில் முதுகைக் குத்தும் துணுக்கைத் தடவியே
எந்தச் சுரங்கம் என்று சொல்லிவிடுவேன்.
அப்படித்தான் பீற்றிக்கொண்டிருந்தேன்.

பெரிய வியாபாரிகள் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்,
கண்ணாடிப் பேழை, குளிரூட்டி, ஷாம்பெய்ன்.
எங்களிடம் வருபவர்கள்
கழிப்பறை எங்கே என்று கேட்க வருகிறார்கள்,
கேட்ட தோஷத்துக்கு ஒரு அகேட் வாங்கிப் போகிறார்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு.
துணியில், செருப்புப் பெட்டியில், ஒருமுறை தள்ளுவண்டியில்
கல்லைக் கொண்டுவந்து
வானத்திலிருந்து விழுந்தது என்பார்கள்.
பழைய ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தம்
நூலில் தொங்குகிறது என் வாசலில்.
வருஷத்துக்கு நூறு பேர். நூறும் இந்த பூமியேதான்.
அதைச் சொல்ல ஒரு குரல் வைத்திருக்கிறேன்,
பல்லைப் பிடுங்கப்போகிறவரின் குரல்.

பதினோரு வருஷம் முன்பு, ஒரு வியாழக்கிழமை,
வில்காக்ஸிலிருந்து பஸ் பிடித்து வந்தாள்.
குழந்தையின் காலுறைக்குள் கல்.
கோழிக்கூண்டுத் தகரத்தைப் பொத்துக்கொண்டு விழுந்ததாம்.
எலுமிச்சையைவிடப் பெரிது,
நேற்றுத்தான் வார்னிஷ் அடித்தாற்போல் கறுப்பு,
மூளியான ஒரு மூலையில் உள்ளே வெளிர்சாம்பல்.
நூலைப் பிடித்துக் காட்டினேன்.
காந்தம் அசையவே இல்லை.
‘உலைக் கசடு’ என்றேன்.
‘அப்போது தகரத்தில் ஓட்டை?’
‘பையன்கள் எறிந்திருப்பார்கள்.’
அவள் வாதாடவில்லை.
கல்லைக் காலுறைக்குள் திரும்பப் போட்டு
ஒரு முடிச்சும் போட்டாள்.
பிறகு, வந்தது வீணாக வேண்டாம் என்றோ என்னவோ,
மகனுக்கென்று ஒரு பைரைட் வாங்கினாள்.
இரண்டு டாலரை
சில்லறையாக எண்ணித் தந்தாள்.
நான் வாங்கிக்கொண்டேன்.

நாலு வருஷம் கழித்து
பக்கத்து அறை மோஹா ஊபஸ்ஸு
தேநீரோடு ஒரு கல்லை என் உள்ளங்கையில் வைத்தான்.
‘யூக்ரைட். வெஸ்டாவிலிருந்து உடைந்து வந்தது.
இரும்பே இல்லாத மாதிரி, வெர்ன்.
காந்தம் இதை ஏறெடுத்தும் பார்க்காது.’
வார்னிஷ் கறுப்பு. உடைந்த இடத்தில் வெளிர்சாம்பல்.
நான் பேசவில்லை.
தேநீர் ஆறியதைக்கூட அவன்தான் சொன்னான்.

வில்காக்ஸ் போனேன்.
பஸ் இப்போது அங்கே நிற்பதில்லை.
தீவனக் கடையில் கேட்டேன், தேவாலயத்தில் கேட்டேன்,
சலவைக்கடைப் பலகையில் அட்டை குத்திவைத்தேன்:
கோழிக்கூண்டுத் தகரத்தில் ஓட்டை உள்ளவர்கள் அழைக்கவும்.
மூன்று பேர் அழைத்தார்கள்.
மூன்றும் துப்பாக்கி ஓட்டைகள்.

அது நிஜமாகவே கசடாகவும் இருக்கலாம்.
பெயரைக் கேட்டேனா? இல்லை.
எடை போட்டேனா? அதுவும் இல்லை.
நாற்பது வருஷம் கல்லோடு புரண்டவன்
ஒரு நூலை நம்பினேன்.

இப்போதெல்லாம் யார் எதைக் கொண்டுவந்தாலும்
ஜன்னலுக்கு எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
‘தெரியவில்லை’ என்கிறேன்.
பல்கலைக்கழக முகவரி எழுதித் தருகிறேன்.
பின்னால் வரிசை நிற்கிறது, முனகுகிறது,
பக்கத்து அறைக்குப் போய்விடுகிறது.
மோஹாவுக்கு இந்த வருஷம் நல்ல வியாபாரம்.

நேற்று அடியிலிருந்த பெட்டியைத் திறந்தேன்,
அன்றைய பைரைட்டில் விற்காமல் நின்ற மிச்சம்.
குளியலறை ஈரம் குடித்து
எல்லாம் வெள்ளைப் பொடி, கந்தக நெடி,
அட்டைகூட அரித்துவிட்டது.
அவள் மகனுடையதும் இதற்குள் உதிர்ந்திருக்கும்.
மற்றது இருக்கும்,
ஏதாவது ஒரு கதவைத் திறந்தபடி வைத்துக்கொண்டு.